கட்டக் காசு உண்டு, நடத்தக் காசு இல்லை

2007ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில் 209 கொலைகள். இந்த எண்ணில் யாருக்கும் தகராறு இல்லை. லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுக்கப் போனபோதுதான் சண்டை வந்தது. நகரில் சுமார் 2,20,000 பேர் இருப்பதாக எஃப்.பி.ஐ. எடுத்துக்கொண்டது. விடை 95. நாட்டிலேயே முதலிடம். போலீஸ் துறை கொதித்தது. 2005இல் கட்டரீனா புயலுக்கு ஓடிப்போனவர்களில் அதைவிட நிறையப் பேர் திரும்பிவிட்டார்கள், தலைக்கணக்கே தப்பு என்றது. நகர நிர்வாகம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தோடும் மல்லுக்கு நின்றது. 2007 ஜூலைக்கு அவர்கள் சொன்ன 2,39,124 என்ற மதிப்பீட்டை எதிர்த்து மனுப் போட்டு, 2,88,113 என்று திருத்தவும் வைத்தது. அந்த எண்ணால் வகுத்தால் கொலை விகிதம் 73க்கு இறங்கிவிடும். ஒரு உயிரைக்கூடக் காப்பாற்றாமல் இருபதுக்கு மேல் குறைத்தாயிற்று.

அந்த ஆண்டுகளில் நான் அங்கே ஒரு சிறு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வருமான வரிப் படிவத்தோடு வருகிறவர்களைவிடப் புயல் நிவாரணப் படிவத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். நகராட்சி பட்ஜெட்டைப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு அங்கேதான் தொற்றியது. ஊருக்குள் யாரைக் கேட்டாலும் இரண்டே கேள்விகள்தான். "வாஷிங்டனிலிருந்து கோடி கோடியாக வந்த பணம் எங்கே போச்சு?" என்பது ஒன்று. "ராத்திரி வெளியே போக முடியலையே, போலீஸ் எங்கே?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

கட்டரீனா கரையேறியது 2005 ஆகஸ்ட் 29. வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரின் 80 விழுக்காடு தண்ணீருக்குள் போனது. ஒரு நகராட்சியின் வருமானம் என்று பார்த்தால் விற்பனை வரி, சொத்து வரி, உரிமக் கட்டணம், தண்டம், பார்க்கிங். கடை மூடியிருந்தால் விற்பனை வரி இல்லை. வீட்டில் கூரை இல்லையென்றால் சொத்து வரி கேட்க வாய் வராது. கார் ஓடாத தெருவில் டிக்கெட் எழுத ஆள் எதற்கு? அந்த நகரம் பெரிதும் நம்பியிருந்தது விற்பனை வரியை. சுற்றுலாப் பயணி குடிக்கும் மதுவிலும் சாப்பிடும் சிப்பியிலும் வரும் வரி. அது ஒரே நாளில் நின்றது. அக்டோபர் 4ஆம் தேதி மேயர் ரே நேகின் சுமார் 3,000 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். போலீசும் தீயணைப்பும் தப்பின. மற்றபடி நகராட்சியில் ஏறக்குறைய பாதிப்பேர் காலி. கட்டட அனுமதி கொடுக்கிறவர், கோப்பு தேடி எடுக்கிறவர், இடிந்த வீட்டை வந்து பார்க்கிறவர் என்று மீட்புக்கு அத்தியாவசியமானவர்கள்தான் "அத்தியாவசியமில்லாதவர்கள்" பட்டியலில் போனார்கள்.

அப்படியானால் வாஷிங்டன் பணம்? வந்தது. பொய்யில்லை. ஆனால் அந்தப் பணத்துக்குக் கால்கட்டு உண்டு. ஃபீமா என்ற பேரிடர் நிர்வாக நிறுவனம் உடைந்த காவல் நிலையத்தைக் கட்டித் தரும்; அதற்குள் உட்காரும் காவலருக்கு மாதச் சம்பளம் தராது. அதிலும் முதலில் நீ செலவழி, ரசீதைக் கொண்டுவா, பிறகு திருப்பித் தருகிறேன் என்பதுதான் முறை. கையில் காசில்லாத நகரம் முதலில் எப்படிச் செலவழிக்கும்? போதாக்குறைக்கு, செலவில் ஒரு பங்கை உள்ளூர்க்காரர்கள் போட வேண்டும். வழக்கமாக 25 விழுக்காடு. இந்த முறை 10 ஆகக் குறைத்தார்கள். 2007ல்தான் அமெரிக்க காங்கிரஸ் அதையும் முழுதாக நீக்கியது. அதுவரை ஒவ்வொரு கோப்பும் "புயலுக்கு முன்பே இந்தச் சுவரில் விரிசல் இருந்ததா?" என்ற கேள்வியோடு போவதும் வருவதுமாக இருந்தது.

நடைமுறைச் செலவுக்கென்று தனியாக ஒரு கடன் திட்டம் இருந்தது, சமூகப் பேரிடர்க் கடன். சட்டப்படி ஒரு உள்ளாட்சிக்கு 50 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. 2005 அக்டோபரில் அந்த வரம்பை எடுத்துவிட்டு, பாதிக்கப்பட்ட எல்லா உள்ளாட்சிகளுக்குமாகச் சேர்த்து 100 கோடி டாலர் வரை தரலாம் என்றார்கள். கூடவே ஒரு கொக்கியும் வைத்தார்கள். நிலைமை தேறாவிட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று வழக்கமாக இருக்கும் பிரிவை இந்த ஒரு தடவை மட்டும் வெட்டினார்கள். பழைய புயல்களுக்கெல்லாம் இருந்த சலுகை, வரலாற்றிலேயே செலவு மிகுந்த புயலுக்கு இல்லை! இரண்டு வருடம் கத்திய பிறகு 2007ல் அந்தப் பிரிவு திரும்பி வந்தது. அதற்குள் கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் நகரத்தின் பத்திரங்களைக் குப்பைத் தரத்துக்கு இறக்கியிருந்தன.

ஆகவே வெளியாட்களின் கண்ணுக்கு ஒரு பக்கம் கிரேன்கள். உள்ளே கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு மாதக் கடைசியில் சம்பளம் போட முடியுமா என்ற கவலை. ஒரே ஊர்தான், பை மட்டும் இரண்டு. கட்டுவதற்கான பை உப்பிக்கொண்டே போனது. நடத்துவதற்கான பை காலி. நியூ ஆர்லியன்ஸின் குற்றக்கதை இந்த இரண்டாவது பையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

சொத்து வரியை முதலில் பார்த்துவிடலாம், அதில் கொஞ்சம் வேடிக்கையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்துக்கு ஒரு மதிப்பீட்டாளர் இருப்பது வழக்கம். நியூ ஆர்லியன்ஸில் ஏழு பேர். ஒவ்வொருவரும் தேர்தலில் நின்று ஜெயித்தவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. வீட்டு மதிப்பைக் கூட்டினால் ஓட்டுப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? அடுத்தடுத்த தெருக்களில் ஒரே மாதிரி இரண்டு வீடுகள், மதிப்பு மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. 2006 தேர்தலில் ஒரு குழுவினர், நாங்கள் ஜெயித்தால் இந்தப் பதவிகளையே ஒழிப்போம் என்று சொல்லி நின்றார்கள். அவர்களில் ஒருவர்தான் ஜெயித்தார். ஆனால் அந்த நவம்பரில் மாநிலம் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் ஏழு பதவிகளையும் ஒன்றாக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஒற்றை மதிப்பீட்டாளர் நடைமுறைக்கு வர 2010 ஆனது.

கணக்கு இப்படி. வீட்டின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடுதான் வரிக்கான மதிப்பு. சொந்த வீட்டில் குடியிருந்தால் அதிலும் 7,500 டாலர் கழிவு. மீதிக்கு மில் கணக்கில் வரி, அதாவது ஆயிரம் டாலருக்கு இத்தனை டாலர். பேச்சுக்கு 140 மில் என்று வைப்போம். 1,20,000 டாலர் வீடென்றால் 12,000; கழிவு போக 4,500; வரி 630 டாலர். அதே வீட்டை 2,40,000 என்று மதிப்பிட்டால் 24,000, கழிவு போக 16,500, வரி 2,310. மதிப்பு இரட்டித்தது, வரி மூன்றரை மடங்குக்கு மேல் போயிற்று. 75,000 டாலருக்குக் கீழே இருந்த வீடுகள் கிட்டத்தட்ட ஒன்றுமே கட்டவில்லை. ஆக, மதிப்பீட்டாளரின் பேனா நகர்ந்தால் வீடு நகரும். மறுமதிப்பீடு செய்யும்போது மொத்த வருமானம் கூடாதபடி மில்லைக் குறைக்க வேண்டும் என்று லூசியானா சட்டம் சொல்கிறது; மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எந்தக் கவுன்சிலுக்கும் அது தர்மசங்கடமான வாக்கு.

2007 கோடையில் ஊர் முழுக்க மறுமதிப்பீடு. எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒரு மூதாட்டியை ஆட்சேபணை சொல்ல நான்தான் அழைத்துப் போனேன். வரிசை வெளி வராந்தா வரை நின்றது. எல்லார் கையிலும் ஃபோட்டோ உறை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கதவில் தேடுதல் படையினர் ஸ்ப்ரே பெயின்ட்டில் போட்ட எக்ஸ் குறி, பூஞ்சை பிடித்த ஜிப்சம் பலகை. அந்த அம்மா கைப்பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து மடியில் வரிசையாக அடுக்கினார். ஒன்று காப்பீட்டுக்காரர் எழுதிய சேத மதிப்பு. ஒன்று, வீட்டைச் சீரமைக்கப் பணம் தரும் மாநிலத்தின் ரோடு ஹோம் திட்டம் சொன்ன, புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு. மூன்றாவது மதிப்பீட்டாளரின் புதுக் கடிதம். மூன்றிலும் மூன்று வீடு.

"பேபி, இந்த ஜன்னலில் என் வீடு குடிசைன்னு சொல்லணும். அந்த ஜன்னலில் மாளிகைன்னு சொல்லணும். எந்த ஜன்னல் எதுன்னு மட்டும் நீ ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். அந்த ஊரில் வயதானவர்கள் எல்லாரையும் பேபி என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து ஓட்டுநரையும், நீதிபதியையும்கூட.

அவர் சொன்னது தமாஷ் இல்லை. ரோடு ஹோம் திட்டம் அதிகபட்சம் 1,50,000 டாலர் தந்தது. ஆனால் பழுதுபார்க்கும் செலவு, புயலுக்கு முந்தைய மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்கு. செங்கலும் மரமும் கூலியும் ஊர் முழுக்க ஒரே விலை. வீட்டு மதிப்பு மட்டும் கறுப்பர் தெருவில் ஒன்று, வெள்ளையர் தெருவில் வேறொன்று. ஒரே அளவு சேதம், ஒரே அளவு வீடு, ஆனால் கறுப்பருக்குக் கிடைத்தது குறைவு. வழக்குப் போனது. 2011ல் சமரசம். அதற்குள் எத்தனையோ வீடுகள் பாதியில் நின்றுவிட்டன. பாதியில் நின்ற வீட்டிலிருந்து சொத்து வரியும் வராது, தெருவில் வெளிச்சமும் இருக்காது.

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். 2006 ஜனவரியில் மேயரின் குழு போட்ட வரைபடம் செய்தித்தாளில் வந்தது. தாழ்வான சில பகுதிகளின் மேல் பெரிய பச்சைப் புள்ளிகள். பூங்காவாக மாறக்கூடிய இடங்கள் என்று பொருள். அதாவது அங்கே குடியிருந்தவர்கள் திரும்ப வேண்டாம். ஊர் கொதித்தது, மேயர் பின்வாங்கினார், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம் என்று ஆனது. நியாயம் அந்தப் பக்கம்தான் என்று இன்றும் நினைக்கிறேன், முதலில் விரட்டப்பட்டிருக்கக் கூடியவர்கள் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் திட்டம் போட்டவர்களின் பயம் வெறும் பயமும் இல்லை. தெரு பொக்கைவாயாகிவிட்டது, இரண்டு வீட்டில் ஆள், நான்கு வீடு காலி. குப்பை வண்டி அதே தூரம் போக வேண்டும், ரோந்து வண்டி அதே தூரம் போக வேண்டும், குழாயில் தண்ணீர் அதே தூரம் கசிய வேண்டும். வரி கட்டுவது இரண்டு வீடு. 2000த்தில் 4,84,674 பேர் இருந்த ஊர் 2010 கணக்கெடுப்பில் 3,43,829. நிலப்பரப்பு ஒரு அங்குலமும் குறையவில்லை. அந்தக் காலி வீடுகளில்தான் போதைப்பொருள் கைமாறியது, பிணமும் கிடைத்தது. 2010ல் மேயரான மிட்ச் லாண்ட்ரூ 2014க்குள் பாழடைந்த 10,000 இடங்களைச் சரிசெய்வோம் என்று இலக்கு வைத்தார். அதை அழகுபடுத்தும் திட்டம் என்று நினைத்தவர்கள் அந்தத் தெருக்களில் இருட்டிய பிறகு நடந்ததில்லை.

இனி நீதிமன்றம். எனக்கு அந்த ஊரில் எல்லாவற்றையும்விட அதிர்ச்சி தந்தது அதுதான்.

டுலேன், பிராட் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் குற்றவியல் நீதிமன்றம். சாட்சிப் பொருட்களை அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஊரில், அடித்தளத்தில்! துப்பாக்கிகளும் ரத்த மாதிரிகளும் போதைப்பொருள் பொட்டலங்களும் வெள்ளத்தில் ஊறின. போலீசின் தடயவியல் கூடமும் போயிற்று. அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஒரு பழைய இரவு விடுதிக்குள் மடக்கு மேஜைகளைப் போட்டு வேலை செய்தது. லூசியானா சட்டத்தின் 701ஆவது பிரிவுப்படி, பெருங்குற்றத்துக்குக் கைதானவர் மேல் 60 நாளுக்குள் குற்றச்சாட்டுப் பதிவாகாவிட்டால் வெளியே விட வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கை இல்லை, சாட்சி டெக்சாஸில், கோப்பு ஈரத்தில். ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி வெளியே வந்தார்கள். தெருவில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், "அறுபது நாள் கொலை". கொன்றால் அறுபது நாள், அவ்வளவுதான்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் எதிர்மாறு. சின்னக் குற்றத்துக்குப் பிடிபட்டு, வழக்கறிஞரையே பார்க்காமல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தவர்கள். "கட்டரீனா டைம்" என்றார்கள் அதை. காரணம் பட்ஜெட். ஏழைகளுக்கான பொது வழக்கறிஞர் அலுவலகத்தின் வருமானத்தில் பெரும்பகுதி போக்குவரத்து டிக்கெட்டிலிருந்தும் நீதிமன்றக் கட்டணத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. வெள்ளத்தில் கார் ஓடவில்லை. டிக்கெட் இல்லை. ஆகவே வழக்கறிஞர் இல்லை. முக்கால்வாசிப் பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். நோ பார்க்கிங்கில் யாரும் வண்டி நிறுத்தாததால் ஒருவன் ஆறு மாதம் சிறையில் இருக்கிறான் என்று நான் சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். கதையில்லை, அந்தப் பட்ஜெட்டின் ஏற்பாடே அதுதான்.

சிறையின் வரவுசெலவு இன்னும் விசித்திரம். சிறையை நடத்துவது நகராட்சி இல்லை, தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஷெரிஃப். ஆனால் காசு கொடுப்பது நகராட்சி, அந்த ஆண்டுகளில் கைதிக்கு நாளொன்றுக்கு 22 டாலர் 39 சென்ட். ஒருவரை ஒரு வருடம் வைத்திருந்தால் 8,172 டாலர். தலைக்கு இவ்வளவு என்று தந்தால் தலை குறைய யாருக்கு ஆசை வரும்? புயலடித்த அன்று அந்தச் சிறையில் 6,000க்கும் மேற்பட்டவர்கள். ஐந்து லட்சம்கூட இல்லாத ஊரில்! பிறகு புதுச் சிறை கட்டும்போது எத்தனை படுக்கை என்பதே பெரிய சண்டை. ஷெரிஃப் ஒரு எண் சொன்னார், மக்கள் அமைப்புகள் வேறு எண். 2011ல் கவுன்சில் 1,438 என்று கட்டுப்பாடு போட்டது. ஒரு ஊரில் குற்றம் எவ்வளவு இருக்கப்போகிறது என்பதை அந்த ஊர் பட்ஜெட் வரியாக எழுதிப் பார்த்த நாள் அது.

நீதிபதிகள் கதையும் இதே வழியில்தான். தண்டம் விதிக்கும் நீதிபதியின் அலுவலகச் செலவு அந்தத் தண்டத்திலிருந்தே வந்தால், இவரால் கட்ட முடியுமா என்று அவர் எப்படி நடுநிலையாக விசாரிப்பார்? 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இது முறையில்லை என்று உறுதிசெய்தது. புயலுக்கு முன்பே இருந்த ஏற்பாடுதான். தண்ணீர் வடிந்தபோது வெளியே தெரிந்தது.

2006 ஜூனில் ஒரே இடத்தில் ஐந்து இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மேயர் மாநிலத்திடம் படை கேட்டார். 300 தேசியக் காவல் படையினரும் 60 மாநிலப் போலீசாரும் வந்தார்கள். 2009 தொடக்கம் வரை இருந்தார்கள். பச்சை ஹம்வீ ராணுவ வண்டி ஆளில்லாத தெருவில் ஊர்ந்து போவதைப் பார்க்கும்போது முதலில் பயமாக இருக்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும், போன பிறகு வெறிச்சென்று இருக்கும். படை ஆளில்லாத பகுதிகளைப் பார்த்துக்கொள்ள, நகரப் போலீஸ் மற்ற இடங்களைப் பார்க்கும் என்பது ஏற்பாடு. ஆனாலும் 2007 ஜனவரி 11ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நகர மன்றத்தை நோக்கி நடந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒரு பித்தளை வாத்தியக் குழுவின் டிரம்மரும் ஒரு திரைப்பட இயக்குநரும் கொலையாகியிருந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நடந்த கூட்டம் அது. மேயர் மேல் மக்களுக்குக் கோபம்.

காசுள்ள தெருக்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு சட்டம், குடியிருப்போர் மத்தியில் ஒரு வாக்கெடுப்பு. அந்தப் பகுதிக்கு மட்டும் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம், அதில் தனி ரோந்து. பாதுகாப்பு மாவட்டம் என்று பெயர். புயலுக்கு முன்பே சில இருந்தன, பிறகு பெருகின. ரோந்து வருகிறவர்களில் பலர் பணி முடிந்த நகரப் போலீஸ்காரர்கள்தான். ஊர்வழக்கில் "டீட்டெய்ல்". 2011ல் மத்திய நீதித்துறை நகரப் போலீசைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இந்த டீட்டெய்ல் முறைக்கு ஊழலின் பெருந்தமனி என்ற வர்ணனை இருக்கிறது. மேலதிகாரி, தனக்கு டீட்டெய்ல் வேலை ஒதுக்கும் கீழ்நிலைக் காவலருக்குக் கடமைப்பட்டிருந்தால் ஸ்டேஷனில் யார் யாருக்கு உத்தரவிடுவது?

இதில் எனக்கு வருத்தம் வேறு. கூடுதல் கட்டணம் கட்டிப் பாதுகாப்பு வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர், பொது வரியை ஏற்றலாமா என்று கேட்கும்போது எதற்கு வாக்களிக்கப் போகிறார்? 2015ல் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பிரெஞ்சு குவார்ட்டர் பகுதிவாசிகள் தங்கள் பகுதிக்கு மட்டும் டாலருக்குக் கால் சென்ட் விற்பனை வரி போட்டு மாநிலப் போலீஸ் ரோந்தை வாங்கிக்கொண்டார்கள். 2016 ஏப்ரலில் ஊர் முழுக்கப் போலீசுக்கும் தீயணைப்புக்கும் சொத்து வரியை உயர்த்தும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. தோற்றது.

ஊழலைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ரே நேகின் 2014ல் லஞ்சம் உள்ளிட்ட 20 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பாகிப் பத்தாண்டு தண்டனை பெற்றார். குற்றத்தைப் பிடிக்க நட்ட கண்காணிப்புக் கேமராக்கள் உருப்படியாக எதையும் பிடிக்கவில்லை; அந்த ஒப்பந்தத்தில் லஞ்சம் வாங்கிய தொழில்நுட்பத் தலைமை அதிகாரிதான் பிடிபட்டார். இதில் ஒரு நல்லதும் நடந்தது. தலைமைத் தணிக்கை ஆய்வாளர் பதவி பட்ஜெட்டில் பிச்சை கேட்டு நிற்கக் கூடாது என்று 2008ல் மக்களே வாக்களித்து, பொது நிதியில் 0.75 விழுக்காட்டை அவருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் எழுதிவைத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் எல்லாருக்கும் இப்படி எழுதிவைத்தால் கவுன்சில் கையில் திருப்பிப் போட என்ன மிஞ்சும் என்பதும் கேள்விதான். ஹோட்டல் வரி அப்படித்தான். கால்பந்து அரங்கத்துக்கும் மாநாட்டு மண்டபத்துக்கும் எப்போதோ எழுதிவைத்தாயிற்று. பயணிகள் குப்பை போட்டுவிட்டுப் போகும் தெருவைப் பெருக்குகிற நகராட்சிக்கு வந்தது சிறு துண்டு. 2019ல் பேரம் பேசிக் கொஞ்சம் மீட்டார்கள். அதற்குள் 2011ல் வீட்டுக் குப்பைக் கட்டணம் மாதம் 12லிருந்து 24 டாலர் ஆகியிருந்தது.

லாண்ட்ரூ வந்தபோது பெரிய பற்றாக்குறை. ஊழியர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு, போலீசில் ஆள் எடுப்பு நிறுத்தம். 1,500க்கு அருகில் இருந்த காவலர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் 1,200க்கும் கீழே போனது. அதே சமயம் மத்திய அரசோடு ஒப்புக்கொண்ட போலீஸ் சீர்திருத்த உத்தரவு 2013ல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. ஐந்தாண்டுக்கு 5.5 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பீடு. சிறைக்கும் தனியாக ஒரு உத்தரவு. இரண்டுக்கும் சேர்த்து என்னால் கொடுக்க முடியாது என்று நகரம், தானே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ளப் பார்த்தது. நீதிமன்றம் விடவில்லை. 2015ல் இன்னொரு கூத்து. தீயணைப்பு வீரர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தர வேண்டிய நிலுவையைத் தராததால், மேயரை வார இறுதிகளில் வீட்டுக் காவலில் வைக்க ஒரு நீதிபதி உத்தரவிட்டார். அடுத்த மாதமே 7.5 கோடி டாலருக்குச் சமரசம் வந்தது.

போலீஸ் குறைந்தால் கொலை கூடும் என்று எழுதத்தான் கை போகும். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. 2011ல் 200ஐ ஒட்டி இருந்த கொலைகள், காவலர் குறைந்துகொண்டே வந்த 2014ல் 150. குறிப்பிட்ட சில குழுக்களைக் குறிவைத்துப் பேசியும், வேலை கொடுத்தும், மீறினால் வழக்குப் போட்டும் செய்த முயற்சிக்கு அதில் பங்குண்டு என்பார்கள். பிறகு கொரோனா. 2022ல் கொலைகள் 260ஐத் தாண்டின. 2024ல் 124. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிவது இவ்வளவுதான்: கொலை நடந்த பிறகு நடக்க வேண்டிய வேலைகளான தடயம், சாட்சி, வழக்கறிஞர், நீதிபதி, சிறைப் பூட்டு எல்லாமே சம்பளப் பட்டியலில் இருப்பவை. நிவாரணப் பணம் அவற்றைத் தொடாது.

2015 டிசம்பரில், புயலுக்குப் பத்தாண்டு கழித்து, தெருக்களுக்கும் குழாய்களுக்குமாக ஃபீமா 120 கோடி டாலர் தர இசைந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, செப்டம்பரில், நிவாரணப் பணத்தில் கட்டிய புதுச் சிறை திறந்தது. 1,438 படுக்கை.

அந்தச் சிறையை நடத்தும் ஷெரிஃபுக்கான சொத்து வரியைப் புதுப்பிக்கலாமா என்று 2025 மே 3ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. ஊருக்குள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டே இரண்டு வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. மே 16 விடியற்காலையில் பத்துக் கைதிகள் ஒரு கழிப்பறைக்குப் பின்னால் சுவரில் இருந்த ஓட்டை வழியாக வெளியேறினார்கள். போகும்போது ரொம்பச் சுலபம் என்று சுவரில் கிறுக்கிவிட்டுப் போனார்கள், அதிலும் எழுத்துப்பிழை. பூட்டுகள் பழுது, ஆள் பற்றாக்குறை, பணம் கேட்டேன் தரவில்லை என்றார் ஷெரிஃப். கொடுத்த பணத்தை என்ன செய்தீர்கள் என்றது கவுன்சில். பத்தாவது ஆள் அட்லாண்டாவில் பிடிபட்டது அக்டோபரில். அதே வாரம் நடந்த தேர்தலில் ஷெரிஃப் தோற்றார். அதே மாதம் நகராட்சி, வருடக் கடைசிவரை ஊழியர்களுக்குச் சம்பளம் போட 12.5 கோடி டாலர் கடனுக்கு அனுமதி கேட்டு மாநிலத்தின் முன் நின்றது.